பரோட்டா மாஸ்டர் போட்ட சர்க்கரை பிஸ்கட்

என் அக்காள் புருஷன் கதிர்வேல், கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். போன ஆடியில் வலது தோள் போய்விட்டது. இனிமேல் மாவை அடித்து வீசினால் கை மொத்தமாக விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனுஷன். அக்கா பவானி என்னிடம் வந்து அழுதாள். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பேக்கரியில் முதலாளி தைரியராஜிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ஒரு வாரம் பாக்குறேன் தேவநாதா. காலேஜ் புள்ளைங்க கேக்குற சர்க்கரை பிஸ்கட்ட ஒழுங்காப் போட்டாருன்னா இருக்கட்டும்" என்றார்.

சர்க்கரை பிஸ்கட்டில் அப்படி என்ன வித்தை? வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, முட்டை ஊற்றி, மைதாவைப் போட்டு விரல் நுனியால் ஒன்றுசேர்க்க வேண்டும். பிசையக் கூடாது, பிசைந்தால் இறுகிவிடும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவருக்கு வரவில்லை. மைதாவைக் கண்டதும் உள்ளங்கை தானாக அழுத்தியது, மடித்தது, மறுபடி அழுத்தியது. முதல் நாள் வந்த பிஸ்கட்டைச் சுவரில் எறிந்திருந்தால் சுவர்தான் உடைந்திருக்கும்.

"யோவ் மாமா! அது இன்னா பரோட்டாவா? உட்டுடுய்யா!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் இன்னா பண்றது மச்சான்? மைதாவப் பாத்தா கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஐந்து நாளும் தட்டுத் தட்டாகக் கல்தான் வந்தது. ஆறாம் நாள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கை விரல்களாலேயே மாவைச் சேர்த்தார். ஓரம் லேசாகச் சிவந்து, வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மாமா சிரித்தார். தோள் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பிழைத்துக்கொண்டோம் என்று நானும் முட்டாள்தனமாக நம்பிவிட்டேன்.

ஏழாம் நாள் முதலாளி ருசி பார்க்கிற நாள். மாவு அருமையாகச் சேர்ந்திருந்தது. "அர மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், மாவின் மேல் ஈரத்துணி.

"காஞ்சிடக் கூடாதுன்னு போட்டேன் மச்சான்" என்றார், நல்ல காரியம் செய்தவர் முகத்தோடு. பரோட்டா மாவுக்குத் தினமும் அப்படித்தானே போடுவார்! துணியை எடுத்தால் மாவு பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. பதறிப்போய் மேலும் மைதாவைக் கொட்டினார். ஒட்டாமல் இருக்க இரண்டு கையாலும் அழுத்தினார். "மாமா, வேணாம்!" என்று நான் கத்துவதற்குள் மாவு இறுகிவிட்டது. வேறு மாவு சேர்க்க நேரமில்லை, முதலாளி வந்துவிட்டார்.

வெந்ததை அவர் கடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை கடித்தார். "மனுஷன் நல்லவரு தேவநாதா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிசையாதே என்று நூறு தடவை சொன்னேன். ஈரத்துணி போடாதே என்று ஒரு தடவை சொல்லத் தோன்றவில்லையே எனக்கு! பாவி, நான்தான் கெடுத்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மாமா யாருக்கோ ஃபோன் போட்டார்.

"அண்ணே, கதிர்வேல் பேசுறேன். நம்ம பரோட்டா கல்லுல இன்னும் ஆளு போடலியே? நாளைக்கே வந்துர்றேண்ணே... தோளா? அதெல்லாம் சுத்தமா சரியாப் போச்சுண்ணே."

பக்கத்தில் நின்ற நான் ஃபோனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி, அக்கா வீட்டு அடுப்புக்கு நான் என்ன வழி காட்டுவது? கடலூர் பஸ் வந்தது. படியில் ஏறக் கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினார். அது மார்புக்கு மேல் வரவில்லை.