மண்டபத்தில் சொன்ன விலை

நீலாம்பூர் தாண்டி, அவிநாசி ரோட்டின் மேல் தனபாலுக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே எப்போதும் பதினைந்து இருபது பழைய கார்கள் நிற்கும். பழைய கார் வாங்கி விற்பவர்கள் கோயமுத்தூரில் எத்தனையோ பேர். ஆனால் ஒரு வண்டியைச் சுற்றி வந்து, இன்றைக்கு விற்றால் இவ்வளவுதான் போகும் என்று பட்டென்று சொல்வதில் தனபாலை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஊர்ப்பேச்சு. அந்த ஊர்ப்பேச்சில் பாதியைக் கிளப்பிவிட்டவர் தனபாலேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் சாப்பிட்டு முடித்ததும் ஆம்பளைகள் வெற்றிலையோடு வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் ஒரு வண்டியைக் காட்டுவார். தனபால் விலை சொல்வார். வண்டிக்காரர் வாயைப் பிளப்பார். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் தவறியதில்லை என்று தனபாலே சொல்லிக்கொள்வார். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் பாதிப் பேர் இந்த வேடிக்கைக்காகத்தான் வருகிறார்கள் என்பது அவர் மனைவி மோகனப்பிரியாவின் அபிப்பிராயம். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கொட்டகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பிரசங்கமும் உண்டு. புது வண்டி வாங்குகிறவன் ஷோரூம் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு லட்சத்தை ரோட்டில் கொட்டிவிடுகிறான், வருஷம் திரும்புவதற்குள் இன்னும் ஒன்றைக் கொட்டுகிறான், விவரம் தெரிந்தவன் ஆறேழு மாதம் ஓடிய வண்டியை வாங்கி மிச்சத்தைப் பேங்கில் போடுவான். இருபது வருஷமாக இதை வார்த்தை மாறாமல் சொல்லி வந்தார். கேட்டவர்களெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, நேரே போய்ப் புது வண்டி வாங்கினார்கள்.

கேட்டு நடந்தவர் ஒரே ஒருவர். பெயர் செங்கோட்டையன். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். பத்து வருஷத்துக்கு முன்னால் தேங்காய் ஏற்ற ஒரு பழைய பிக்கப் வாங்க வந்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் போனவர். அதிகம் பேசாத மனிதர். போன வைகாசியில் மகள் பூஜிதாவின் கல்யாணத்துக்குக் கொட்டகை தேடி வந்து, தனபாலுக்கும் மோகனப்பிரியாவுக்கும் சேர்த்துப் பத்திரிகை வைத்தார்.

மாப்பிள்ளை மதன்குமாருக்கு அவிநாசி. அப்பா பாலுசாமி அங்கே பனியன் துணி கம்பெனி நடத்துகிறார். கம்பெனிச் சரக்கு ஏற்றத் தனபாலிடம் இரண்டு வண்டி வாங்கியவர்தான். பேச்சுவார்த்தையில் பவுன் இவ்வளவு, ஒரு வண்டி என்று முடிவாகியிருந்தது. வண்டி என்றுதான் பேச்சு. புது வண்டி என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அதெல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பது பாலுசாமியின் எண்ணமாக இருந்திருக்கும்.

பொள்ளாச்சி மண்டபத்து வாசலில் அந்த வண்டி நின்றது. வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரலாம். பானெட்டில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. முன்னால் நம்பர் பிளேட்டை மறைத்து அடர்த்தியாக ஒரு செவ்வந்தி மாலை தொங்கியது. முகூர்த்தம் முடிந்து, பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தனபால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களோடு வெளியே வந்தார். பாலுசாமி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். விளையாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

"ஏனுங் தனபாலு, இன்னிக்கே இத வித்தா என்னங்க போகும்?"

ஒரு பேச்சுக்குக் கேட்ட கேள்வி. சீர் வண்டியைக் கல்யாணத்தன்றே யாரும் விற்கப் போவதில்லை. பதிமூன்றரை லட்சம் என்றோ பதினாலு என்றோ சொல்லி, நாலு பேர் சிரித்து, அதோடு முடிந்திருக்கும். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டால் தனபாலுக்குக் கால் தரையில் நிற்காது. வண்டியை ஒரு சுற்று வந்தார். பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து, டயரில் வாரமும் வருஷமும் அச்சடித்திருக்கும் நாலு எண்ணைப் படித்தார். கதவைத் திறந்து பிரேக் பெடலின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில், பலர் ஏறி இறங்கி விழுந்திருந்த மடிப்பைப் பார்த்தார். அப்புறம் முன்னால் வந்து, அந்தச் செவ்வந்தி மாலையை ஒரு விரலால் தூக்கி நம்பரைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய வரிசை.

புத்தி உள்ளவன் அந்த இடத்தில் நின்றிருப்பான். எதற்காக இங்கே இவ்வளவு பூ என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். தனபால் யோசிக்கவில்லை. அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம், தான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதுதான்.

"பதினொண்ணே காலுங்க. அதுக்கு மேல ஒரு பைசா போகாதுங்க" என்றார்.

புது வண்டிக்கா என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தனபாலைச் சீண்டிவிட்டது.

"புதுசுன்னு ஆருங்க சொன்னது? ஷோரூம்ல வாரவங்க போறவங்க ஓட்டிப் பாக்கறதுக்கு வெச்சிருந்த வண்டிங்க இது. எட்டு மாசம் ஓடியிருக்குது."

சொல்லிவிட்டு, வழக்கமான 'அடேயப்பா'வுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. தனபால் திரும்பிப் பார்த்தார். பின்னால் தாம்பூலத் தட்டோடு செங்கோட்டையன் நின்றிருந்தார். சம்பந்திமார்களுக்கு வெற்றிலை கொடுக்க வந்தவர். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை, முகமே சொல்லியது. அந்த நிலையிலும் தட்டை முதலில் தனபாலிடம்தான் நீட்டினார். எடுத்துக்குங்க என்றார். தனபால் ஒரு வெற்றிலையை எடுத்தார். பாக்கை எடுக்க மறந்துபோனார்.

பாலுசாமி ரொம்ப மரியாதையாகப் பேசினார். "அதனால என்னங்க சம்பந்தி, வண்டின்னா ஓடுனாச் சரிதானுங்க." சொல்லிவிட்டு உள்ளே போனார். கூட நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு மண்டபத்தில் சாயங்காலம் வரை யாரும் குரலை உயர்த்தவில்லை.

திரும்பும் வழியில் தனபால் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். தான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றும் சேர்த்துக்கொண்டார். மோகனப்பிரியா கிணத்துக்கடவு தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பூவ எதுக்குங்க தூக்குனீங்க?"

அடுத்த ஒரு மாதம் பல் தேய்க்கும்போதும் டீ குடிக்கும்போதும் அந்த மாலையும் தன் விரலும் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தன. செங்கோட்டையனின் உப்பைத் தின்றுவிட்டு, அவர் வாசலிலேயே நின்று, அவர் மானத்தைக் கூறு போட்டு விலையும் சொல்லியாயிற்று. செங்கோட்டையனுக்குப் போன் செய்ய மூன்று முறை நம்பரை எடுத்து, மூன்று முறையும் வைத்துவிட்டார். பேச்சை எங்கே தொடங்குவது? விலை தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல முடியாது. விலை சரி; அதுதான் கேவலம். பொள்ளாச்சியிலிருந்து யாராவது வண்டி பார்க்க வந்தால் கொட்டகையில் வேலை செய்யும் பையனைப் பேசவிட்டு, தான் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆனி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, அந்த வெள்ளை வண்டி கொட்டகைக்குள் வந்தது. ஓட்டி வந்தவள் பூஜிதா. பக்கத்து சீட்டில் செங்கோட்டையன். ரிப்பனும் பூவும் இல்லாத வண்டியைத் தனபால் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை ஒளிந்துகொள்ள நேரமில்லை.

செங்கோட்டையன் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்ததும் வாங்கிக் குடித்தார். மழை பெய்யாததைப் பற்றி, கொப்பரை விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அப்புறம் அதே குரலில் மற்றதையும் சொன்னார். மதன்குமார் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனால் கூட்டாளிகள் 'பதினொண்ணே கால் வந்துட்டான்' என்று கூப்பிடுகிறார்களாம். நாளடைவில் அதுவே அவன் பெயராகிவிட்டதாம். அவன் வண்டியைத் தொடுவதில்லை. பிறகு பூஜிதாவிடம் பேசுவதும் குறைந்தது. பத்து நாளைக்கு முன்னால் பாலுசாமி, அம்மணி ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். வண்டியை மாற்றிவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டு வாங்க, அவசரமில்லை என்று போனில் சொன்னாராம். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாராம்.

"நானே சம்பந்திகிட்டத் தனியா சொல்லியிருப்பேனுங்க" என்றார் செங்கோட்டையன். "மறுவீடு முடியட்டும்னு இருந்தேன். மிச்சம் புடிச்ச மூணு லட்சத்தப் புள்ள பேர்லதான் பேங்குல போட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க அது."

இருபது வருஷத்தில் தனபாலின் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே மனிதர் இவர். அவரைத்தான் நடுவாசலில் நிறுத்தியிருக்கிறோம். என்ன சொல்வது என்று தெரியாமல், வண்டி வாங்குவதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மட்டமான கேள்வி என்று உறைத்தது.

"உங்க வாய் தெரிஞ்சுதானுங்க வரல" என்றார் செங்கோட்டையன். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. ஈரோட்டில் தெரிந்தவர் மூலமாக வாங்கியதாகவும், ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அங்கே வரை போனதாகவும் விளக்கினார். இப்போது விற்றாக வேண்டும், என்ன போகும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

தனபால் வண்டியிடம் போனார். பூஜிதா இன்னும் ஸ்டீரிங் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி, "எறங்கோணுங்களா சித்தப்பா?" என்றாள். அந்தச் சித்தப்பாவில் கோபமோ கிண்டலோ இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வேண்டாம் கண்ணு, உட்கார் என்றார். அவள் இருந்தபடி சீட்டைப் பார்க்க முடியாது, பெடலைப் பார்க்க முடியாது. அவர் பார்க்கவும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே தெரியும். கிலோமீட்டர் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் கூடியிருந்தது. இடது கதவில் ஒரு கீறல். ஷோரூம், செங்கோட்டையன், அடுத்து வாங்கப்போகிறவர் என்று மூன்றாவது கை. பத்து எண்பது. அதற்கு மேல் போகாது.

திரும்பி வந்து, "பதிமூணுக்கு நானே எடுத்துக்கறனுங்ணா" என்றார்.

வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டார். இரண்டு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போகும், போகட்டும். அந்தப் பெண் அவிநாசிக்குத் திரும்பிப் போனால் போதும். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிரக்கூடச் செய்தது. செங்கோட்டையன் அவரை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாக அவர் முகம் மாறியது. மண்டபத்தில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே முகம்.

"பதினொண்ணே காலுன்னு ஊருக்கே தெரியுமுங்க. எனக்குப் பதிமூணு எதுக்குங்க குடுக்கறீங்க? பிச்சையா?"

தனபாலின் நெஞ்சு இருந்த இடத்துக்கே திரும்பியது. அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்தது: முதல் தடவை நிஜத்தைச் சொல்லி இந்த மனிதரைச் சிறுமைப்படுத்தினோம், இப்போது பொய்யைச் சொல்லிச் சிறுமைப்படுத்துகிறோம். இரண்டு தடவையும் தன்னைப் பற்றியே நினைத்தோமே ஒழிய அவரைப் பற்றி நினைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, பத்து எண்பது போகும் அண்ணா என்றார். கிலோமீட்டரையும் கீறலையும் சொன்னார். மூன்றாவது கை என்பதைச் சொல்ல நாக்கு வரவில்லை. செங்கோட்டையனே அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. பேங்கில் இருக்கிற மூன்றையும் எடுத்துப் போட்டால்கூடப் புது வண்டிக்கு இன்னும் எழுபதாயிரம் குறையும். அவர் அந்த விலைக்கே யாரையாவது பார்த்து முடித்துத் தரச் சொன்னார். சரி என்றார் தனபால்.

புறப்படும்போது செங்கோட்டையன் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வண்டியைப் பார்த்து விலை சொல்ல வெளியாட்களிடம் தனபால் வாங்குவது அவ்வளவு. தனபால் பதறிப்போய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வேண்டாங்ணா, உங்களிடம் போய் வாங்குவேனா என்றார். செங்கோட்டையன் நீட்டிய கையை மடக்கவில்லை.

"வாங்கிக்குங்க தனபாலு. அன்னிக்குச் சும்மா சொன்ன வெலைக்குத்தானுங்க எம்புள்ள ஊட்டுல வந்து உக்காந்திருக்கறா."

வண்டிக்குள் பூஜிதா அவர்களைப் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனபால் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, அந்த நோட்டை வாங்கிக்கொண்டார்.