இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு சாம்பிள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் தரத்தை போல்ட்டு நட்டு மாதிரி அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் என் மாமா ஒருவர்தான். அளக்கப்பட்ட இரண்டு போல்ட்டுகளில் ஒன்று நான். இன்னொன்று பெரியம்மாவின் மகள். இருவரும் ஒரே வகுப்பு. அவள் என்னைவிட நான்கே மாதம் மூத்தவள். அந்த நான்கு மாதத்துக்காக இன்றுவரை அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு மாங்காட்டில், பெரியம்மா வீடு காட்டுப்பாக்கத்தில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வேர்க்கடலைப் பொட்டலம் தீர்வதற்குள் போய்விடலாம். ஆனால் பள்ளிக்கூடப் பேச்சு என்று வந்துவிட்டால் பெரியம்மா எங்களை ஏதோ தொலைதூரத்துப் பட்டிக்காட்டு ஜனங்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். இத்தனைக்கும் அவள் பிறந்து வளர்ந்ததும் மாங்காடுதான்.

அக்கா படித்தது பூந்தமல்லி போகிற மெயின் ரோட்டில் இருந்த பெரிய பள்ளி. ஐந்து மாடி. லிஃப்ட்கூட உண்டு, பிள்ளைகள் ஏறக்கூடாது, அவ்வளவுதான். பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டால் அதன் காம்பவுண்டுச் சுவர் கண்ணுக்குத் தெரியாது. முழுக்க ஃப்ளெக்ஸ். வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகம், முகத்துக்குக் கீழே மார்க்கு, நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாகத் தாளாளர் கும்பிட்டபடி நிற்பார். நான் படித்த பள்ளி மாங்காட்டில் ஒரு சந்துக்குள் இருந்தது. அதுவும் தனியார் உயர்நிலைப் பள்ளிதான், ஆனால் சொன்னால்தான் தெரியும். அங்கே ரிசல்ட்டை எச்.எம். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வாசலில் சாய்த்து வைப்பார். கோடை மழை வந்தால் எல்லோரும் ஃபெயில்.

இந்த இரண்டு பள்ளிகளையும் ஒப்பிடுவது பெரியம்மாவுக்குப் பொழுதுபோக்கு. அம்மாவுக்கு அது தலைவலி.

"உன் பொண்ணு இஸ்கூல்ல ஏசி கிளாஸு கீதாடி?" என்பாள் பெரியம்மா.

"ஃபேன் கீதுக்கா" என்பாள் அம்மா.

"எங்க இஸ்கூல்ல ஒம்பதாவதுலயே பத்தாவது பாடத்த ஆரம்பிச்சுடுவாங்க. உங்க இஸ்கூல்ல?"

"ஒம்பதாவதுல ஒம்பதாவதுதான்கா நட்த்துவாங்க."

ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல அம்மாவின் குரல் இறங்கிப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பதாவதில் ஒன்பதாவது நடத்துவதில் என்ன குற்றம் என்று கேட்க வேண்டும் போலிருக்கும். ஆனால் அந்த வயதில் பெரியம்மாவை எதிர்த்துப் பேசினால் அங்கே கிடைக்க வேண்டிய சிக்கன் வறுவல் கிடைக்காது.

நாங்கள் எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் தலைவலி முற்றிவிட்டது. அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் பெரிய பெரிய பள்ளிகளில் படித்தார்கள். பெரியம்மா வேறு, சீட்டுக்குத் தானே தாளாளரிடம் பேசுவதாகச் சொல்லிவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே அப்பா முடிவைச் சொன்னார், ஒன்பதாவதுக்கு என்னை அந்த ஐந்து மாடிக்கு மாற்றப் போவதாக.

நான் எங்கள் பள்ளி கோ-கோ டீமில் இருந்தேன். வருகிற வருடம் நான்தான் கேப்டன் என்று பி.டி. சார் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அக்காவின் பள்ளியில் பி.டி. பீரியட் என்பது டைம்டேபிளில் மட்டும் இருக்கும். வகுப்பில் கணக்கு நடக்கும். ஒன்பதாவதிலிருந்து சாயங்காலம் ஏழு மணிவரை ஸ்டடி, சனிக்கிழமை டெஸ்ட். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஒன்றரை நாள். அப்பா மசியவில்லை.

அம்மாவுக்கும் என்னை அனுப்ப மனமில்லை. ஆனால் அவளிடம் காரணம் இல்லை. அக்கா கணக்கில் தொண்ணூற்றெட்டு, நான் எண்பத்தெட்டு. இதற்கு மேல் என்ன பேச முடியும் என்பாள் பெரியம்மா.

இதற்கு நடுவில் அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். வழக்கமாகப் பேசவே மாட்டாள், அன்று நோண்டி நோண்டிக் கேட்டாள். நிஜமாகவே நாலு மணிக்கு விட்டுவிடுவார்களா. கோ-கோவுக்குப் புதிதாக யாரையாவது சேர்ப்பார்களா. கணக்கு மிஸ் எப்படி. வேவு பார்த்துப் பெரியம்மாவிடம் சொல்லத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா. வேண்டுமென்றே எல்லாவற்றையும் பெருமையாக, கொஞ்சம் மசாலா சேர்த்தே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா தொண்ணூற்றெட்டை மறுபடி எடுத்தாள். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்டுக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கல்யாண வீட்டில் வடையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"பெரியக்கா, தொண்ணூத்தெட்டு யாரு கேஜ்ல?" என்றார்.

கேஜ் என்பது போல்ட்டு சரியான பருமனில் இருக்கிறதா என்று நுழைத்துப் பார்க்கிற வளையம். எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் அது தெரியும், மாமா அவ்வளவு பேசியிருந்தார்.

"அவங்க இஸ்கூலு கொஸ்டின் பேப்பரு, அவங்க இஸ்கூலு மிஸ்ஸு, அவங்களே மார்க்கு. இத்த எங்க கம்பெனில ஒத்துக்க மாட்டாங்கக்கா. ரா மெட்டீரியலு ஒண்ணுதானே, கவர்மென்டு எல்லாருக்கும் ஒரே புக்குதான குட்த்துகீது. மெஷினுதான் வேற. அப்போ பீஸ எதிராளி கேஜ்ல போட்டுப் பாரு. எந்த மெஷினு நல்ல மெஷினுன்னு தெரிஞ்சுடும்."

பெரியப்பா நிலம் வாங்கி விற்கிற தொழிலில் இருப்பவர், பேச்சுக் குறைவு. அவர் தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். பெரியம்மாவுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை, தாராளமாகப் போட்டுப் பார் என்றாள். முடிவு என்னவோ அதன்படி நடப்பது என்று பேச்சாயிற்று. என் பள்ளி ஜெயித்தால் நான் மாங்காட்டிலேயே இருப்பேன். தோற்றால் ஐந்து மாடி.

அடுத்த ஞாயிறு அதே ஹாலில் ஆளுக்கு ஒரு மூலை. என் பள்ளியின் முழுப் பரீட்சைக் கணக்குத் தாள் அக்காவிடம், அவளுடையது என்னிடம். மாமா கம்பெனி டியூட்டி போலவே சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா அன்று காலை காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். நெற்றிக் குங்குமம் வியர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

தாளைப் பிரித்தேன். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அத்தனையும் புத்தகத்தில் இருக்கிற கணக்கு, எண்ணைக்கூட மாற்றவில்லை. எங்கள் கணக்கு மிஸ்ஸுக்குப் புத்தகக் கணக்கை அப்படியே கேட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. அவர் தாளில் தண்ணீர் லாரி வரும், லாரியில் பாதி வழியில் ஓட்டை விழும், ஓட்டை வழியாகப் போனது போக மிச்சத்தை மூன்று வீட்டார் அடித்துக்கொண்டு பிரிப்பார்கள். லாரிகளோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா. பேனா ஓடியது. நடுவில் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் எழுதியவள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எந்தக் கவலையும் இல்லை. பயத்தில் உறைந்து போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை, வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மாமா திருத்தினார். பழக்கதோஷம், சரியான விடைக்கு டிக் போடாமல் 'ஓகே' என்று எழுதினார். தப்பானதற்கு 'ரிஜெக்ட்'. பாதி சரியென்றால் 'ரிவொர்க்'. என் தாள் முழுக்க ஓகே. அக்காவின் தாளை எடுத்ததும் பெரியம்மா நாற்காலியின் பின்னால் வந்து நின்றுகொண்டாள். ரிஜெக்ட், ரிஜெக்ட், ரிவொர்க். கடைசி இரண்டு பக்கத்தில் எழுத மாமாவுக்கு ஒன்றுமே இல்லை, வெற்றுத் தாள்.

எனக்குத் தொண்ணூற்று மூன்று. அக்காவுக்கு முப்பத்தாறு.

"மெஷினு பெருசுதான்க்கா, பெயிண்டும் சூப்பரு" என்றார் மாமா, கூடுமானவரை மரியாதையாக. "ஆனா பீஸு அவங்க கேஜ்ல மட்டுந்தான் உக்காருது."

பெரியம்மா சமையலறைக்குள் போனாள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. எத்தனை வருடத்து ஃபேன் கீதுக்கா அது. அப்பா என் தலையில் கை வைத்து, "சரி, அங்கியே படி" என்றார். அவ்வளவுதான், எனக்கு அந்த ஹாலே கோ-கோ மைதானமாகத் தெரிந்தது.

அப்பா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அக்கா ஒரு கப் முடித்துவிட்டு, யாரும் தொடாத பெரியம்மாவின் கப்பையும் எடுத்துக்கொண்டாள். முப்பத்தாறு வாங்கியவளுக்கு எப்படித் தொண்டைக்குள் இறங்குகிறது, சூடு சொரணை இல்லாதவள் என்று நான் மனதுக்குள் திட்டினேன். தொண்ணூற்றெட்டு எடுத்தவள் எப்படி முப்பத்தாறுக்கு இறங்கினாள் என்று அந்த ஹாலில் ஒருவரும் கேட்கவில்லை. அவரவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கண்டக்டரிடம் சொன்னாள். மாங்காட்டில் இறங்கிப் பூக்காரம்மாவிடம் சொன்னாள், பால் பூத்தில் சொன்னாள். மறுநாள் எங்கள் எச்.எம்.மிடமே போய்ச் சொன்னாள். அவர் திகைத்துப் போய்விட்டார், தன் பள்ளி அப்படிப்பட்டது என்று அவருக்கே அதுவரை தெரியாது. ஒரு வாரம் அம்மா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தேர்தலில் ஜெயித்தவர்கள்கூட அப்படி நடக்க மாட்டார்கள்.

பெரியம்மா இரண்டு வாரம் ஃபோன் செய்யவில்லை. பிறகு ஒருநாள் அக்காவின் டி.சி.யோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா அதிகம் பேசாதவர், அன்று பேசிவிட்டாராம். அந்தச் சின்ன இஸ்கூல்லயே போட்டுடு, அவ்வளவுதான் சொன்னது. பெரியம்மா ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொல்லிகினு இருந்தேன்டி, சின்ன இஸ்கூல்லதான் ஒவ்வொரு புள்ளையும் தனித்தனியா கவனிப்பாங்கன்னு."

அம்மா அதற்கும் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா" என்றாள். ஜெயித்தவர்களுக்கு எவ்வளவு பெருந்தன்மை வருகிறது பாருங்கள்.

ஜூன் மாதம் அக்கா என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தாள். முதல் வாரமே கோ-கோவில் சேர்ந்தாள். நாலு மணிக்கு மணியடித்தால் பையைக்கூட எடுக்காமல் மைதானத்துக்கு ஓடுவாள், அப்படி ஒரு ஓட்டம் அவளுக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. கேப்டன் என்கிற முறையில் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் மாதத் தேர்வில் மிஸ் வழக்கம்போல லாரி லாரியாக இறக்கியிருந்தார். எனக்கு எண்பத்தொன்று. அக்காவுக்கு நூறு. மிஸ் அவள் தாளை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். இந்தப் பள்ளிக்கு வந்த பிறகு தன் தாளில் நூறு போடுவது இதுதான் முதல் தடவை என்றார்.

அந்த நிமிடம் எனக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும், அல்லது சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. நெஞ்சு விம்மியது. முப்பத்தாறு மார்க்குப் பெண்ணை ஒரே மாதத்தில் நூறுக்குக் கொண்டுவந்துவிட்டதே எங்கள் பள்ளி, இதைவிட ஒரு பள்ளிக்கு வேறென்ன சர்டிஃபிகேட் வேண்டும். அன்று சாயங்காலம் மைதானத்தில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எங்கள் பள்ளி அவளை எப்படி மாற்றிவிட்டது என்று விளக்கிச் சொன்னேன். அக்கா மூச்சு வாங்கியபடி பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.