நிரந்தரம் எழுதிய ரெக்கை

எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகம் சொல்லப்பட்ட சொல் 'பர்மனென்ட்'. நைனா பர்மனென்ட் ஆனதும் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடலாம். நைனா பர்மனென்ட் ஆனதும் அம்மா சொத்தைப் பல்லை டாக்டரிடம் காட்டலாம். நைனா பர்மனென்ட் ஆனதும் திருப்பதி போய் மொட்டை போடலாம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா வந்துவிடும் பக்கம் எங்களுடையது. சின்ன வயதில் எனக்கு அந்தப் பர்மனென்ட்டும் திருப்பதியைப் போல பஸ் ஏறிப் போய்ச் சேருகிற ஓர் ஊராகத்தான் தோன்றியது. இப்போது நானும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில்தான் இருக்கிறேன். வருஷா வருஷம் கழுத்தில் தொங்கும் அட்டையை மட்டும் மாற்றித் தருகிறார்கள்.

நான் ஏழாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். என் பங்குக்குத் தண்ணீர் ராக்கெட். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயில் ரப்பர் மூடியைத் திணித்து, அதில் சொருகிய சைக்கிள் வால்வு வழியாகப் பம்பில் காற்றடிக்க வேண்டும். அழுத்தம் தாங்காமல் மூடி பிய்த்துக்கொள்ளும்போது பாட்டில் தலைகீழாக மேலே பாயும். எது நேராக உயரப் போகிறதோ அதைத் திருவள்ளூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவதாக டீச்சர் சொல்லியிருந்தார். எனக்குத் திருவள்ளூர் போக வேண்டும். வேறு எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டில் நேரம் சரியில்லாத நேரம் அது. நைனா வேலை பார்த்த இரும்புக் கம்பெனியின் வாசலில், தங்களைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி, காண்ட்ராக்ட் ஆட்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நைனாவும் காலையில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரியே போவார். சாயங்காலம் வேலை செய்துவிட்டு வந்தவரைவிடக் களைத்து வருவார். சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு எதற்கு இவ்வளவு அலுப்பு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அவரிடம் ராக்கெட் பேச்சை எடுக்க முடியாது. ஆகவே அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிற மாமா, அந்தப் பொறுப்பைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் அவர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற நேரம்.

ராக்கெட் நேராகப் போக ஃபின் ஒட்ட வேண்டும் என்று டீச்சர் சொன்னதை எங்கள் வகுப்பு ரெக்கை என்று மாற்றிக்கொண்டது. அங்கேதான் வினை. ரெக்கை என்று காதில் விழுந்ததும் மாமா சற்றும் யோசிக்கவில்லை.

"காக்காவுக்கு ரெக்க எங்க கீது? தோள்லதானே கீது? வால்லயா கீது?" என்றார்.

மறுக்க முடியாத நியாயம். அட்டைப்பெட்டியைக் காக்கைச் சிறகு போலவே வெட்டி, தலைகீழாக நிற்கும் பாட்டிலின் மேல்பாகத்தில், அதாவது ராக்கெட்டின் மூக்குக்குக் கொஞ்சம் கீழே, பசை போட்டு ஒட்டினார். வாசலில் வைத்துக் காற்றடித்தோம். கூரை உயரம் போனது. அங்கே எதையோ மறந்துவிட்டது போல ஒரு குட்டிக்கரணம் போட்டு, மாமாவின் தலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அம்மா காயப்போட்டிருந்த மிளகாயில் வந்து விழுந்தது. ஊறிப்போன ரெக்கைகள் தனியே கழன்று விழுந்தன.

அம்மா மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தரு கம்பெனி வாசல்ல குந்திகினு கீறாரு. ஒருத்தன் ஊட்டாண்ட ராக்கெட்டு உட்டுகினு கீறான். நான் எங்க போய்க் குந்தறது?"

மாமா ஈரத்தலையோடு லாரிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நைனா கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையோடு வந்தார். 'பணி நிரந்தரம் செய்' என்று சிவப்பில் எழுதி, பந்தலில் பிடித்துக்கொண்டிருந்த அட்டை. அதைப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் படுத்தவர், மறுநாள் மத்தியானம் வரை தூங்கினார். எழுந்ததும் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெக்கையை ஏன் முன்னால் ஒட்டினாய் என்று கேட்டார். காக்கை விவரத்தைச் சொன்னேன்.

"காக்கா ரெக்கய அடிச்சிகினு பறக்குது. இது அடிக்கப் போவுதா இன்னா? காத்தாடிக்கு வால எங்க கட்டுவம்மா? பின்னாலதானே? பின்னால புடிச்சி இழுத்தாத்தான் மூஞ்சி நேரா நிக்கும்."

அட்டைப்பெட்டி ஊறிவிடுகிறதே என்றேன். சுற்றிலும் பார்த்தவர், எழுந்து போய்ப் பீரோவின் பின்னாலிருந்து அந்த அட்டையை உருவினார். கத்தரியை வைத்ததும் அம்மா அடுப்படியிலிருந்து, "அத்தயா அறுக்கற?" என்றாள். நைனா கத்தரியை அழுத்தினார்.

மூன்று துண்டு வெட்டினார். பாட்டிலில் ஒட்ட வேண்டிய ஓரத்தில் மட்டும் கீறி, இரண்டு பக்கமும் கால் விரித்தாற்போல மடக்கினார். பாட்டிலை எமரி பேப்பரால் சொரசொரப்பாகத் தேய்த்து, வாய்ப்பக்கத்தில் மூன்றையும் சம தூரத்தில் ஒட்டினார். காற்றடித்தால் பாட்டில் உப்பும், பசை விட்டுவிடும் என்று, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மேலே மாட்டினார். வெள்ளைப் பக்கம் வெளியே தெரியட்டும் என்றார். நிஜ ராக்கெட்டில் எழுத்து இருக்கும் என்று நான் அடம்பிடித்ததால் சிவப்பு எழுத்துகள் வெளியே வந்தன. ஒரு ரெக்கையில் 'நி', ஒன்றில் 'ரந்', ஒன்றில் 'தரம்'.

"பிச்சிகினு வந்துடாதில்ல நைனா?"

"ஒரு தபா பறக்கற வரிக்கும் நின்னாப் போதும்," என்று சிரித்தார். வெகுநாள் கழித்து அவர் சிரித்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த நாள் முதல் வேலைக்குப் போனார். அதுவரை நீலச் சட்டை போட்டுப் போனவர், சாம்பல் நிறத்தில் புத்தம்புதுச் சட்டையோடு திரும்பினார். எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தல் போட்டுக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள். நைனா பர்மனென்ட். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அது புது காண்ட்ராக்டரின் சட்டை என்பதும், இனிமேல் எதுவும் கேட்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் புது ஆளாக உள்ளே போனவர்களில் நைனாவும் ஒருவர் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

கண்காட்சிக்கு நைனா நைட் ஷிப்ட் முடித்து நேரே மைதானத்துக்கு வந்தார். அதே சாம்பல் சட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. என் ராக்கெட் கிளம்பியது. கோணவில்லை, புரளவில்லை. வேப்பமரத்துக்கு மேலே, நூல் பிடித்தாற்போல ஏறிப் போய்ச் சாவகாசமாக இறங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். ஓடிப்போய் எடுத்து வந்தேன், ஒரு ரெக்கை கூட அசைந்திருக்கவில்லை. டீச்சர் அதை வாங்கிச் சுற்றிப் பார்த்து, "தரம்னு போட்டிருக்கியே, நல்ல தரமான ராக்கெட்டுதான்," என்றார்.

"தரம் இல்ல டீச்சர், நிரந்தரம். எங்க நைனா பர்மனென்ட் ஆயிட்டாரு."

டீச்சர் நைனா பக்கம் திரும்பினார். ரொம்ப சந்தோஷம் சார், இத்தனை நாள் உட்கார்ந்தது வீண்போகவில்லை என்றார். நைனா என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெயிலில் கண் கூசியதால்தான் அப்படிக் குனிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். என் ராக்கெட்டைத் திருவள்ளூருக்கு எடுத்துக்கொண்டார்கள். மாற்று ரெக்கை வேண்டியிருக்குமே என்ற கவலை எனக்கு.

"அந்த அட்டையில மிச்சம் கீதா நைனா? நானே வெச்சிக்கட்டா?"

"வெச்சிக்கம்மா. இனிமே அது யாருக்கும் வாணாம்."

ஆமாம், கேட்டது கிடைத்த பிறகு அட்டை எதற்கு என்று எண்ணிக்கொண்டு, நான் அவருக்கு முன்னால் குதித்துக்கொண்டு நடந்தேன்.