ரோஸிக்கு இருபது வாரம்

சபரிநாதன் பொய் சொல்லிப் பழகிய ஆளே அல்ல. சேந்தமங்கலம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதினாறு வருடமாக சூப்பர்வைசர். கோழி செத்தால்கூட மறைக்காமல் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுகிற மனுஷன். அப்படிப்பட்டவர் பெற்ற மகளிடம் பொய் சொல்லி வைத்தார், பாருங்கள்!

மகள் கனிஷ்காவுக்கு எட்டு வயது. சந்தையில் வாங்கிய ரோஸ் நிறக் கலர்க் குஞ்சு ஒன்றை அவள்தான் வளர்த்தாள். சாயம் போய், கொண்டை முளைத்து, அது சேவல் என்று தெரிந்த பிறகும் ரோஸி என்றே கூப்பிட்டாள். ஆடியில் ஒரு நாள் மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வந்தவர்களுக்கு வெறும் ரசமா ஊற்றுவது? பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து ரோஸியை அறுத்துவிட்டு, கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் வேலியோரமெல்லாம் தேடினாள். அதைப் பார்த்ததிலிருந்து வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

உண்மை தெரிந்தால் அவள் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று பயம். எதையாவது வாங்கிக் கொடுத்து ஈடுகட்டலாம் என்றுதான் நாமக்கல் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டி வந்தார். வளர்ப்புப் பிராணிக் கதைகளை ஒரு கடையில் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"ஆறு வயசுக்காரங்களுக்கு இந்தப் பச்சை அட்டைங்க. படம் பெருசு, எழுத்துக் கம்மி, எந்தப் பிராணியும் சாவாது. எட்டு வயசுன்னா மஞ்ச அட்டைங்க. அதுல சிலது செத்துப்போயிரும். புள்ளைங்க அழுவாங்க, ஆனா புரிஞ்சுக்குவாங்க. நீங்க எந்தப் பிராணி பாக்கறீங்க?"

"சேவலுங்க."

"எத்தன வயசுங்க?"

பண்ணையில் விடிந்தால் பொழுதுபோனால் கேட்கிற கேள்வி. வியாபாரி கேட்பான், டாக்டர் கேட்பார், தீவனக் கம்பெனிக்காரன் கேட்பான். அங்கே வயது என்றால் வாரம். வாரத்தைச் சொன்னால் எடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"இருவது வாரமுங்க. உரிச்சு ஒன்னேகால் கிலோ நின்னுச்சு."

கடைப் பெண் சிரித்துவிட்டாள். "ஐயோ, பாப்பாவுக்கு எத்தன வயசுன்னு கேட்டனுங்க!"

சபரிநாதனும் சிரிக்கப் பார்த்தார். பக்கத்தில் மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கனிஷ்கா நிமிர்ந்தாள்.

"கீரி தூக்கிட்டுப் போச்சுன்னீங்களேப்பா. அப்பறம் யாரு உரிச்சாங்க?"

சபரிநாதனுக்கு அத்தனை பேர் நடுவில் சட்டையில்லாமல் நிற்பதுபோல் கூசியது.

"மாமா நம்ம ஊட்டுக்கு வந்தன்னைக்குங்களாப்பா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"நானுந் தின்னனாப்பா?"

"சாமி..." என்றார். அன்றைக்கு அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று தட்டை நீட்டியதும், இரண்டு துண்டு சேர்த்துத் தானே போட்டதும் நினைவுக்கு வந்தன. சீ, என்ன பிழைப்பு!

கனிஷ்கா கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள்.

"எனக்கு எட்டு வயசுங்கக்கா. நல்லாப் படிப்பேன். ஆனாலும் பச்ச அட்டையே குடுங்க."

கடைப் பெண் பையில் போட்டு நீட்டினாள். வாங்கிக்கொள்ள சபரிநாதன் கை நீட்டினார். கனிஷ்கா அந்தக் கையை விலக்கிவிட்டுத் தானே வாங்கிக்கொண்டாள்.