சோயாப் பாலுக்கும் ஒரே விலை

அந்தக் காபிக் கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். கடைக்காரர் அவருடைய கணவரின் தம்பி. தம்பி அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அண்ணியைவிடப் பத்து வயது மூத்த வாடிக்கையாளர்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

கடைக்கு வருவதற்குமுன் அண்ணி பதினொரு வருடம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவர். பால் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்காகச் சோயாப் பால் எடுக்க அங்கேதான் பழகினார். அவருக்கும் பால் ஆகாது. ஒரு வாய் குடித்தால் வயிறு கடமுடவென்று பேச ஆரம்பித்துவிடும். கொழுந்தன் கடை திறந்ததும் தன் கிரைண்டரைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தார். ஊறவைத்த சோயாவைக் காலையில் அரைத்து, துணியில் பிழிந்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சுவார்.

ஒரு திங்கட்கிழமை விலைப்பலகையில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'சோயா, பாதாம், ஓட்ஸ் பாலுக்குக் கூடுதலாகப் பத்து.'

"பாதாமுக்கு வாங்கு, அது விக்கிற விலை அப்படி. சோயாவுக்கு எதுக்கு?" என்றார் அண்ணி.

"எல்லாக் கடையிலயும் வாங்குறாங்க அண்ணி. ஜனங்களும் கொடுத்துட்டுத்தான் போறாங்க."

"வேற வழியில்லாம கொடுக்குறாங்க. அரைக்கிறது நான். மாட்டுப் பாலுக்கு ஆகுறதுல பாதிகூட ஆகல. வயித்துக்கு ஒத்துக்கலைன்னா அபராதமா?"

கொழுந்தன் சிரித்து மழுப்பினார். அண்ணி ஈரத்துணியால் 'சோயா'வை மட்டும் துடைத்தார். மதியம் அது திரும்ப வந்தது. திரும்பவும் துடைத்தார். மூன்றாம் நாள் கொழுந்தன் அழியாத மையில் எழுதிவிட்டார்.

"கடை என்னோடது அண்ணி," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"கிரைண்டர் என்னோடது." ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, கிரைண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

லாரி ஓட்டும் கணவர் வழியிலிருந்து போன் செய்தார். "சின்னப் பையன், விட்டுக்கொடேன்."

"உங்க சின்னப் பையனுக்கு நாப்பத்தொண்ணு ஆகுது," என்று சொல்லிப் போனை வைத்தார்.

கொழுந்தன் டப்பாவில் வரும் சோயாப் பாலை வாங்கினார். அதன் விலையைக் கேட்டதும், எடுத்த இரண்டில் ஒன்றைத் திருப்பி வைத்தார். கொதிக்கிற காபியில் அதைச் சில்லென்று ஊற்ற, பால் திரிந்து மிதந்தது. பாலை முதலில் சூடாக்கி, காபியை அதன்மேல் மெல்ல விடவேண்டும் என்பது அண்ணிக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. தினமும் வரும் தையற்காரர் கோப்பையைத் தள்ளிவைத்து, "அண்ணி எப்ப வருவாங்க?" என்றார். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார்.

ஆறாம் நாள் கொழுந்தன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அஞ்சு ஆக்கிடலாமா அண்ணி?"

"ஒண்ணுகூட வேணாம்."

"கட்டுப்படி ஆகலைன்னா?"

"எல்லாக் காபிக்கும் சேர்த்து ஏத்து. அதை நான் அழிக்க மாட்டேன்."

கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அண்ணி மறுபக்கத்தைத் தொடவில்லை.

"முதல்ல பலகை," என்றார்.

அழியாத மை அழியவில்லை. புதுப் பலகையே வாங்கவேண்டியதாயிற்று. அண்ணி தன் கையாலேயே எழுதினார்: காபி, சோயாக் காபி, இரண்டுக்கும் ஒரே விலை. பாதாமுக்கும் ஓட்ஸுக்கும் கூடுதல் பத்து அப்படியே நின்றது. இப்போது அண்ணி வீட்டு மிக்ஸியில் ஓட்ஸை அரைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொழுந்தனிடம் இன்னும் சொல்லவில்லை.