அம்மா மறைத்த ஈரம்

நாய்க்குட்டியைக் கொண்டுவந்த அன்றே, மாடிப்படி அடியில் நிறுத்தி வைத்து வீட்டுக்கார அண்ணாச்சி நிபந்தனையைச் சொல்லிவிட்டார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் உத்தரவு மாதிரித்தான் இருக்கும்.

"தம்பி, நாய் வளக்குததுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாத்தம் வரக்கூடாது. ஆடி அமாவாசைக்கு மக பிள்ளைகளோட வருதா, குத்தாலத்துல குளிக்க. அதுக்குள்ள இது வெளிய போய்ப் பழகணும். இல்லன்னா எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுரணும். சரியா?"

"நான் பழக்கிருதேன் அண்ணாச்சி" என்றேன்.

அம்மா எனக்குப் பின்னால் குட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

குட்டி எனக்காகக் கொண்டுவந்தது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே டீ குடிக்கக் கடைக்குப் பின்பக்கம் ஒதுங்கினோம். அங்கே சாக்கில் கிடந்த குட்டிகளில் ஒன்று எழுந்து வந்து அம்மாவின் ஈரச் சேலையைக் கவ்வி இழுத்தது. "ஏட்டி, விடுங்கேன்" என்று அம்மா இழுக்க, அது விடாமல் பின்னால் சாய, அம்மா சிரித்துவிட்டாள். கடையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரைவிட்டு தென்காசிக்குக் குடி வந்ததில் இருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "கொண்டு போங்கக்கா, சீசன்ல இந்த ரோட்டுல வார காருக்கு எதுவும் தப்பாது" என்று டீக்கடை அக்கா சொன்னாள். யோசிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா வயல் வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். களை எடுக்கிற நேரமெல்லாம் அவளைச் சுற்றிப் பேச்சு இருக்கும். எனக்கு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை கிடைத்ததும், இனி நீ வெயிலில் நிற்க வேண்டாம் என்று கூட்டிவந்து மாடி வீட்டில் வைத்தேன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். அதுவரை அவளுக்கு டிவி. குட்டி வந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அதை இழக்கக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. அதற்காகத்தான் அவ்வளவு தீவிரமாக இறங்கினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான்தான். படித்துச் செய்தால் எதுவும் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. போனில் தேடிப் படித்தேன். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே போனால் தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கவோ திட்டவோ கூடாது. அந்தக் கடைசி விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன்.

ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்டது. குட்டி ஈரப் படியில் ஒரு காலை வைக்கும், உதறும், என் முகத்தைப் பார்க்கும். தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய் தென்னை மரத்தடியில் விட்டு, நான் குடையோடு நிற்பேன். அது மண்ணை மோந்துவிட்டு, முதுகில் விழும் துளியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அலுத்துப்போய் மாடிக்குக் கொண்டுவந்து இறக்கினால், காய்ந்த டைல்ஸில் கால் பட்ட உடனே சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருந்துவிடும்.

முதலில் பொறுமையாகத்தான் இருந்தேன். ஒருநாள் அம்மா தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் மாடிக் குழாய் வழியாக நேராக அண்ணாச்சியின் வண்டி சீட்டில் விழுந்தது. அவர் கீழே நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "தம்பி, எம் வண்டிக்கு அபிஷேகம் நடக்கு, யாரு உபயம்?" என்றார். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

நான் உள்ளே வந்து குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினேன். சிலிண்டருக்குப் பின்னால் இன்னும் காயாமல் கிடந்த ஈரத்தில் அதன் மூக்கை அழுத்தினேன். "எத்தன தடவ சொல்லுதது? இங்கன இல்ல, அங்கன. அங்கனதான் போணும்." முதுகில் ஒரு அடியும் வைத்தேன். என் உள்ளங்கை அளவுகூட இல்லாத முதுகு. அது வீல் என்று கத்தியது. அடுப்படியில் அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

மறுநாளில் இருந்து வீடு சுத்தமாக இருந்தது. சாயங்காலம் வந்ததும் சிலிண்டருக்குப் பின்னால், கட்டிலடியில், கதவு மூலையில் குனிந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஒரு அடியில் படிந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அதில் திருப்தியாகக்கூட இருந்தது. "பழகிட்டு அண்ணாச்சி" என்று கீழே போய்ச் சொன்னேன். அவர் மேலே வந்து, களவு நடந்த வீட்டைப் பார்ப்பதுபோல மூலை மூலையாக மோந்து பார்த்தார்.

"பரவால்லியே தம்பி. டிபார்ட்மென்ட் நாய்க்கே இவ்வளவு சீக்கிரம் வராது."

அம்மா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அடுத்த வாரம் லேப்பில் மெஷின் பழுதாகிவிட்டது. சரிசெய்ய திருநெல்வேலியில் இருந்து மறுநாள்தான் ஆள் வருவார் என்றதும் மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். அம்மா மடங்காத முழங்காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, பழைய சேலைத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குட்டிதான் என்னை முதலில் பார்த்தது. வயிறு தரையில் உரச, போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே கட்டிலடியில் புகுந்தது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்ததும் கையில் இருந்த துணியைப் பின்னால் போட்டுவிட்டு, துடைக்காமல் மிச்சமிருந்த ஈரத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"செம்புத் தண்ணி கொட்டிட்டுலே. நீ போய்க் கை கால் கழுவு."

லேப்பில் தினமும் கையாளுகிற மூத்திர வாடை. எனக்கா தெரியாது?

"எந்திரிம்மா."

"இருக்கட்டும். வந்ததும் வராததுமா என்ன?"

"சேல நனையுதும்மா. எந்திரி. தெனமும் இப்பிடித்தானா?"

அவள் எழுந்திருக்கவில்லை. "குட்டிதானலே. அதுக்கு என்ன தெரியும்?"

"நீ மறைச்சா அது எப்பிடிப் பழகும்? அண்ணாச்சி கொண்டு விடச் சொல்லிருவாரு. பெறவு நீதான் தனியா இருக்கணும்."

"நீ வையிவியே எய்யா." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். "ஒன் வசவு எனக்குத் தெரியாதா? என்னயும் வஞ்சவன்தான நீ."

எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் பெண்கள் சேர்ந்து காட்டுப் பக்கம் போய் வருவார்கள். தென்காசி வீட்டில் பாத்ரூமும் அடுப்படியும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். குடி வந்த அன்றே அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "சோறு பொங்குத செவருலயா?" என்றாள். அவளால் முடியவில்லை. விடியுமுன் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குப் போய் வந்தாள். யாரோ பார்த்து அண்ணாச்சியிடம் சொல்ல, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் தணிவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. "ஊர்ல இருந்து வந்தவங்க அண்ணாச்சி. நான் பழக்கிருதேன்" என்றேன். அம்மா மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே போய், கதவைக்கூடச் சாத்தாமல் கத்தினேன். எத்தனை தடவை சொல்வது, இங்கேதான் போக வேண்டும் என்று. மறுநாள் காலை பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வெகுநேரம் அம்மா வெளியே வரவில்லை.

அவளும் பழகிவிட்டாள் என்று அப்போது நினைத்தேன். அதன்பிறகு சில மாதங்களில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. மாதிரியை நான்தான் சோதித்தேன். சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. "தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?" என்று கடிந்துகொண்டேன். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள் என்று, அந்த மத்தியானம் தரையில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் லேப்பில் எனக்குப் பொறுமைசாலி என்று பேர். காலி பாட்டிலை நீட்டியபடி கூச்சத்தோடு நிற்கிற அம்மாமார்களிடம், "மெதுவா போய்ட்டு வாங்க, அவசரமே இல்ல" என்று சொல்கிறவன் நான்.

அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, துணியை வாங்கித் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அடுத்த நாட்களில் குட்டியிடம் நல்லவனாக இருக்கப் பார்த்தேன். பிஸ்கட் கொடுத்தேன். குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டேன். புறவாசலில் இறக்கிவிட்டால் அது மண்ணைப் பார்க்காது, என் கையையே பார்க்கும். நான் நகர்ந்தால் தரையோடு படுத்துவிடும். திட்டு வாங்கிய நாய், இடம் தப்பு என்று கற்றுக்கொள்வதில்லை. இந்த ஆள் முன்னால் போவதுதான் தப்பு என்று கற்றுக்கொள்ளும் என்று போனில் போட்டிருந்தது. முன்பே படித்ததுதான், அப்போது வேகமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அம்மா ஒரு காலையில்.

அந்தக் காலி மனை விவகாரத்துக்குப் பிறகு அவள் புறவாசலில் கால் வைத்ததே இல்லை. அங்கேதான் அண்ணாச்சி வீட்டு அக்கா துணி துவைப்பாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். கடைக்குப் போனால்கூட முன்வாசல் வழியாக நேரே தெருவுக்கு இறங்கிவிடுவாள். இதையும் நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். சேலைக் கிழிசலைக் குட்டியின் கழுத்தில் கட்டினாள். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ வராத. ஒன்னயப் பாத்தா அது இருக்காது."

புறவாசலைப் பார்க்கிற அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, தலை தெரியாமல் உட்கார்ந்துகொண்டேன். கீழே அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"என்ன, நாயோட நீங்களே எறங்கிட்டிய? தம்பி எங்க?"

"அவன் வந்தா இது இருக்க மாட்டேங்கு அண்ணாச்சி."

"பழகிட்டுன்னு சொன்னான?"

நான் இன்னும் கீழே குனிந்துகொண்டேன்.

"பழகல அண்ணாச்சி. மாடியிலதான் போய்க்கிட்டு இருந்திச்சி. நான் தொடச்சி மறைச்சிட்டேன். அவனுக்கு அப்பத் தெரியாது. அவன் பொய் சொல்லல."

"நல்லா மறைச்சிய போங்க. மோந்து பாத்த எனக்கே தெரியலியே."

"புது எடம் அண்ணாச்சி. கொஞ்ச நாள் ஆகத்தான் செய்யும். யாருக்குன்னாலும்."

அவருக்கும் அந்த விஷயம் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார். "மழையில ஏன் நிக்கிய? அந்த ஷெட்டுக்குள்ள மணல்தான கெடக்கு, அங்கன வச்சிப் பாருங்க. வண்டிய எடுத்துருதேன்."

வண்டியை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்: "இரு தாயி. ஒண்ணும் இல்ல. இரு." சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே, ஐந்தருவியில் கேட்ட அதே சிரிப்பு.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. படியில் ஓடி இறங்கினேன். பாதியிலேயே ஷெட் தெரிந்தது. காய்ந்த மணலில் குட்டி குந்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, காதை ஒட்ட வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. கோழியை விரட்டுவது மாதிரி கையை அசைத்தாள். "மேல போலே, மேல போ."

ஏறிவிட்டேன்.

அமாவாசைக்கு அண்ணாச்சி மகளும் பிள்ளைகளும் வந்தார்கள், குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், போனார்கள். குட்டி இங்கேதான் இருக்கிறது. இப்போது மாடியில் அது போவதே இல்லை. காலையிலும் சாயங்காலமும் அம்மாவோடு ஷெட்டுக்கு இறங்குகிறது. போனால் அம்மா சீக்கிரம் வருவதில்லை. அண்ணாச்சி வீட்டு அக்காவோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். என்னோடு குட்டி விளையாடும், என் தட்டில் இருந்து தின்னும். வெளியே மட்டும் என்னோடு போகாது. அவர்கள் மேலே வரும்வரை நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது அப்படியே கிடக்கிறது. சில சாயங்காலங்களில், அவள் குட்டியின் காலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, "எம்மா" என்று ஆரம்பிப்பேன்.

"என்னலே, பசிக்கா?" என்பாள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.