சூப்பர் ஹீரோக்களும் ஒரு முதல்நன்மையும்

கொழும்பில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார்கள். என் சங்கிலியில் தொங்கும் சிலுவையைக் கண்டதும், வண்டி வெள்ளவத்தையைத் தாண்டுமுன் கேள்வி வந்துவிடும். "அக்கா கத்தோலிக்கமோ, கிறிஸ்தவமோ?" பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நான், "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" என்பேன். "அதெப்பிடி அக்கா? அது வேற, இது வேற" என்று அவர் எனக்குப் பொறுமையாகப் பாடம் எடுப்பார். எங்கள் ஊரிலும் ஆர்.சி.யா, பிராட்டஸ்டண்டா என்று கேட்பார்கள்தான். ஆனால் கத்தோலிக்கரைக் கிறிஸ்தவர் கணக்கிலேயே சேர்க்காத பேச்சை இங்கேதான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில்கூடச் சமய பாடத்துக்கு இரண்டுக்கும் வேறு வேறு புத்தகம், வேறு வேறு வகுப்பறை. இப்போதெல்லாம் "வீட்ல ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வீட்டில் இரண்டும் இருப்பது உண்மை. என் கணவர் ஜூட் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். ஒன்பது வயது மகள் ஷெரின் அவருடைய கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். என் அப்பா பாளையங்கோட்டையில் பிராட்டஸ்டண்ட் சபைக் குருவானவராக இருந்தவர். ஞாயிறு காலையில் ஜூட்டும் ஷெரினும் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறுவார்கள். நான் காலி வீதியைக் கடந்து என் சர்ச்சுக்கு நடப்பேன். பெருநாட்களில் மட்டும் அவர்களோடு போவேன். நன்மை, எங்கள் சொல்லில் திருவிருந்து, பெறுகிற நேரம் வந்ததும், வாங்கு என்று இவர்கள் சொல்கிற பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அது கிடையாது என்பதால், நான் உட்கார்ந்தபடியே முழங்காலை ஒதுக்கி அவர்களுக்கு வழி விடுவேன். பஸ்ஸில் ஜன்னலோரக்காரர் இறங்க வழி விடுவது போலத்தான். யாரும் தப்பாகப் பார்க்க மாட்டார்கள். திரும்பி வரும்போது ஷெரின் மட்டும் என் முகத்தைப் பார்ப்பாள்.

மாமியாரை எங்கள் பக்கம் அத்தை என்போம், இங்கே மாமி. மாமி நல்லவர். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது அதே பேச்சை எடுத்துவிடுவார். "நீ ஒருக்கா ஓம் எண்டு சொன்னா முடிஞ்சுது பிள்ளை. எல்லாம் ஒரே ஆண்டவர்தானே."

"ஒரே ஆண்டவர்னா நான் எதுக்கு மாமி மாறணும்?"

மாமி அதோடு அடுப்படிக்குப் போய்விடுவார். முதல் திருவிருந்தை நான் என் அப்பாவின் கையிலிருந்து வாங்கினேன். இன்றைக்கு நான் மாறினால், அன்று அவர் கொடுத்தது வெறும் அப்பம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

ஊரில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே தனித்தனியாக நிற்கிற ஆங்கிலிக்கனும் மெதடிஸ்தும் எங்கள் பக்கம் தாத்தா காலத்திலேயே ஒரே சபையாகிவிட்டார்கள். அதைச் சொல்லி நாங்கள் பெருமைப்படுவோம். அந்த ஒரே சபைக்குள்தான் தேர்தல் வந்தால் சாதி பார்த்து ஓட்டுப் போடுவோம், தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வருவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்படிப்பட்ட என்னிடம்தான் போன ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்துக்குச் சிறுவர் நாடகம் போடச் சொன்னார்கள். வெள்ளவத்தையைச் சுற்றியுள்ள நான்கு சபைகள் சேர்ந்து நடத்துகிற கூட்டம் அது. ஷெரின் டிவியில் ஓயாமல் பார்ப்பது சூப்பர் ஹீரோ கதைகள். ஒருவர் பறப்பார், ஒருவர் தண்ணீருக்குள் மூச்சு விடுவார், ஒருத்தி நெருப்பு ஊதுவாள். எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான். முதலில் ஏதோ சந்தேகத்தில் அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். எதிரி இடித்ததைவிட இவர்கள் இடித்த கட்டடம் அதிகமாக இருக்கும். பிறகு வானத்திலிருந்து பெரிய எதிரி ஒருவன் வருவான், உடனே எல்லோரும் தோளோடு தோள் நிற்பார்கள். சபைகளுக்குப் பொருத்தமான கதை என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு சபையும் இரண்டு பிள்ளைகளை அனுப்பச் சொன்னேன். முதுகில் பறக்கிற போர்வைகளை எங்கள் கீழ்மாடி முஸ்லிம் வீட்டு ரிஸானா தைத்துத் தர ஒப்புக்கொண்டாள்.

ஒத்திகைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அத்தனை பேரும் ஹீரோ, அத்தனை பேரும் தலைவர். எதிரியாக நடிக்க ஒரு சபையும் பிள்ளை தரவில்லை. கமிட்டியில் இருந்த ஒரு அங்கிள் வழி சொன்னார். "இதென்ன பெரிய வேலை? பெரிய ஆள் ஒருத்தருக்கு கறுப்புத் துணியச் சுத்தி, ஒரு தாடியும் ஒட்டி விடுவம்." அவர் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து போர்வைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த ரிஸானா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ட மாப்பிள்ளைய அனுப்பட்டா மிஸ்? அவருக்குத் தாடி ஒட்டவும் தேவயில்ல" என்று தன் புருஷனைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், சில வருஷங்களுக்கு முன் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று கொட்டாஞ்சேனை உட்பட இங்கே கோயில்களில் குண்டு வெடித்தது. ஜூட்டுக்குக் காய்ச்சலாக இருந்ததால் நாங்கள் அன்று கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. அடுத்த வாரங்களில் நான் பார்த்த ஒற்றுமையை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பாஸ்டரும் ஃபாதரும் ஒரே சவப்பெட்டியின் அருகில் நின்று ஜெபித்தார்கள். கத்தோலிக்கமா கிறிஸ்தவமா என்று ஒருவரும் கேட்கவில்லை. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர்கள் என்பதால், அதே வாரங்களில்தான் எந்தப் பாவமும் அறியாத ரிஸானா முக்காடு போட்டுக்கொண்டு கடைக்குப் போகப் பயந்தாள். அவளுக்கு மரக்கறி வாங்கி வந்து கொடுத்தவள் நான். எதிரி வந்துதான் நாம் ஒன்றுசேர வேண்டும் என்றால், அந்த ஒற்றுமை எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த முறை யாருக்குத் தாடி ஒட்டுவார்களோ தெரியாது.

எதிரியே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். பிறகு நாடகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எட்டு ஹீரோக்கள் மேடையில் வரிசையாக நின்று, கைகோத்து, ஒரு பாட்டுப் பாடினார்கள். பெற்றோர் கை தட்டினார்கள். பின்னர் ரோல்ஸும் தேநீரும் வந்தன. நான்கு சபையும் மண்டபத்தின் நான்கு மூலைகளில் போய் நின்று சாப்பிட்டன. நாற்காலிகளை நானும் ரிஸானாவும் அடுக்கி வைத்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஷெரின் போர்வையைக் கழற்றாமலே வந்தாள். "அம்மா, ஹீரோ ஆக்கள் டீமில சேரேக்க ஒருத்தரும் தங்கட உடுப்ப மாத்தேல்லத்தானே?"

"இல்ல."

"பிறகேன் நீங்க மாத்தோணும் எண்டு அப்பம்மா ஆக்கள் எல்லாரும் சொல்லுகினம்?"

சபைப் பெரியவர்கள் கூடிப் பேசுகிற கூட்டங்களுக்கெல்லாம் அப்பாவோடு போனவள் நான். இவ்வளவு சுருக்கமாக அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அவள் அதோடு விடவில்லை. அந்த வருஷம் அவளுக்கு முதல்நன்மை. "நீங்களும் என்னோட வாங்கினாத்தான் நான் வாங்குவன்" என்றாள்.

சின்னப்பிள்ளைக் கதை, மறந்துவிடுவாள் என்றார் ஜூட். அவள் மறக்கவில்லை. மாமி அழுதார். வெள்ளைச் சட்டை தைத்து வந்த பிறகும் அவள் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஜூட் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டு மேசையில் பேச்சுக் குறைந்துபோனது. கடைசியில் நானே கொட்டாஞ்சேனைக்குப் போய், அன்றைக்கு எனக்கும் நன்மை தர முடியுமா என்று ஃபாதரிடம் கேட்டேன். வயதானவர், களைத்த முகம். "எனக்கு விருப்பமில்லை எண்டு நினையாதேங்கோ மகள். என்ர கையில இல்லை" என்றார். "பிள்ளைக்குப் பின்னால நீங்களும் வாங்கோ. கையை நெஞ்சில குறுக்காக வைச்சுக்கொண்டு வந்தா நான் ஆசீர்வாதம் தருவன்." எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

அன்றிரவு ஷெரினை மடியில் இழுத்து உட்காரவைத்தேன். "நான் உன் பின்னாடியே வருவேன். எனக்குக் கிடைக்கலேன்னு நீ வாங்காம இருந்தா, பட்டினி கிடக்கிறவங்க ரெண்டு பேரு ஆயிடுவோம். அவ்வளவுதான்." அவள் வெகுநேரம் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து சட்டையைப் போட்டுப் பார்த்தாள்.

முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு முன்வரிசை வாங்குகள். வெள்ளை உடுப்பும் பூமுடியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஷெரின் எழுந்தபோது நானும் எழுந்து அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் நாக்கை நீட்டி வாங்கினாள். அடுத்து நான் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றேன். ஃபாதர் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். விரல் சூடாக இருந்தது. எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. மாமிக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டேன்.

ஷெரின் முன்வரிசைக்குப் போகவில்லை. மற்றப் பிள்ளைகளைத் தாண்டி நேராக எங்கள் வாங்குக்கு வந்தாள். "முன்னுக்குப் போ பிள்ளை, படம் எடுக்கினம்" என்று மாமி குசுகுசுத்தார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு எனக்கும் மாமிக்கும் நடுவில் புகுந்து முழங்காலிட்டாள். அப்பம் தானாகக் கரையும்வரை மெல்லக்கூடாது, பேசக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாயை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் வாய்க்குள் அது கரைந்துகொண்டிருந்தது. என் வாய்க்குள் ஒன்றும் இல்லை.